"பாஸிடிவா இரு"ன்னு சொல்றது ஈஸி!

சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் வந்தால் ஏற்காடு மலைப்பாதை தொடங்கிவிடும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் ஏரி, படகு, லேடீஸ் சீட், காபித் தோட்டம், சேர்வராயன் கோயில்... (குளிருக்குச் சூடான மிளகாய் பஜ்ஜி தனி!) டூர் போகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அந்த மலைக்குக் கீழே, சேலத்தில் வாழ்ந்த இரண்டு சகோதரிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அக்கா வானவன் மாதேவி. தங்கை இயல் இசை வல்லபி. பெயர்களே அழகு, இல்லையா? வானவன் மாதேவி என்பது ராஜராஜ சோழனின் தாயார் பெயர். இருவருக்குமே சிறுவயதில் வந்தது மஸ்குலர் டிஸ்ட்ரோபி, அதாவது தசைச்சிதைவு நோய். இது தசையைத் தின்கிற நோய் என்றாலும் பெரும்பாலும் நரம்பியல் டாக்டர்கள்தான் இதைப் பார்க்கிறார்கள். காரணம் மரபணுவில் இருக்கிறது. யாருடைய தப்பும் இல்லை, யாருடைய சாபமும் இல்லை.

இந்த நோயின் கொடுமை வலியில் இல்லை, அது போகிற வேகத்தில்தான் இருக்கிறது. விபத்தில் ஒரு கால் போனவர் கஷ்டப்பட்டு ஒருமுறை பழகிக்கொள்கிறார். பிறகு அந்தப் பழக்கம் கைகொடுக்கும். இங்கே அப்படி இல்லை. முதலில் ஓடும்போது விழுவார்கள். பிறகு மாடிப்படி ஏற முடியாது. பிறகு நடக்க முடியாது. பிறகு கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. சில வகைகளில் மூச்சுத் தசைகளும் இதயமும்கூட பலவீனமாகிவிடும். போன வருஷம் பழகிய வாழ்க்கை இந்த வருஷம் செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து!

இப்படி ஒருவரிடம் போய், "கவலைப்படாதீங்க, பாஸிடிவ் திங்கிங் இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்வது எவ்வளவு பெரிய அபத்தம்? சரியாகாது. அது அவருக்குத் தெரியும். சொல்கிறவருக்குத்தான் தெரியவில்லை.

அந்தச் சகோதரிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். தங்களைப் போலவே பாதிக்கப்பட்டவர்களுக்காக 2009-ல் சேலத்தில் ஆதவ் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தசைச்சிதைவு உள்ளவர்களுக்குப் பிசியோதெரபி, பராமரிப்பு, பேசுவதற்கு ஆள்... இவைதான் நோக்கம். பிசியோதெரபி நோயைக் குணப்படுத்தாது. ஆனால் மூட்டுகள் மடங்கி இறுகிப்போவதைத் தள்ளிப்போடும். உட்கார முடிகிற காலத்தைக் கொஞ்சம் நீட்டித் தரும். நம்பிக்கை என்றால் அந்தக் கொஞ்ச காலம்தான். வானத்திலிருந்து விழுவது இல்லை.

இவர்களின் கதையைச் சொல்லும்போது உடனே "நமக்கெல்லாம் என்ன குறை?" என்று முடித்துவிடுவது ஒரு வழக்கம். ரொம்பத் தப்பான வழக்கம். அடுத்தவர் நோய் நமக்கு டானிக் இல்லை.

ஸ்டீபன் ஹாக்கிங்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1963-ல், 21 வயதில் அவருக்கு மோட்டார் நியூரான் நோய் தெரியவந்தது. இரண்டு வருஷம்தான் என்றார்கள். 2018 வரை, 76 வயது வரை இருந்தார். மனஉறுதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மனஉறுதிக்குப் பக்கத்தில் இரவும் பகலும் நர்ஸ்கள் இருந்தார்கள். 1985-ல் குரல் போன பிறகு பேச கம்ப்யூட்டர் இருந்தது. சாய்வுப்பாதை உள்ள கட்டடங்கள் இருந்தன. நம் ஊர்க் குடும்பத்தில் இது எல்லாமே அம்மாதான். இரவில் புரண்டு படுக்கவும் அம்மாவைத்தான் எழுப்ப வேண்டும். அந்த அம்மாவுக்கு வயசாகாதா?

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1995-ம் வருஷச் சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன. 2016 டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தசைச்சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வந்தன. அது நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். வானவன் மாதேவி அதற்கு முன்பே, 2017 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

தமிழக அரசு தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மாதாமாதம் பராமரிப்புத் தொகை கொடுக்கிறது. 1500 ரூபாயாக இருந்ததை 2023-ல் 2000 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு நாளைக்கு 67 ரூபாய்கூட வரவில்லை. அதில் ஒரு உதவியாளரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மறுபடி ஏற்காட்டுக்கே வருவோம். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து பஸ் பிடித்து அங்கே டூர் போகிறார்கள். கிளாஸில் வீல்சேரில் வரும் நண்பன் ஒருவன் இருந்தால், "உனக்கு எதுக்குடா கஷ்டம், வீட்ல ரெஸ்ட் எடு" என்று பாசமாகச் சொல்லிவிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவான். எல்லோரும் "எவ்ளோ பாஸிடிவ் பையன்!" என்பார்கள். சேர்வராயன் கோயில் குகைக்குள் அவனால் குனிந்து போக முடியாமல் இருக்கலாம். ஆனால் கோயில் பக்கம் வரை வண்டி போகும். பஸ் படியில் அவனைத் தூக்கி ஏற்ற நாலு பேர் போதும். முதலில் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வருகிறானா என்று.