மணவிலக்கும் அதன் முறைமையும்

இஸ்லாமிய மார்க்கத்தில் விவாகமாவது இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் உடன்படிக்கை. ஆதலின் பிரிவுக்கும் அதன்கண் இடமுண்டு. ஆயினும், கணவன் சினம் மிகுந்து "தலாக்" என்று மும்முறை கூறிய மாத்திரத்தில் மனைவியின் உறவு அற்றுப்போமோ? இதனையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திருக்குர்ஆன் காட்டும் நெறி பொறுமையின் நெறியாம். தம்பதிகளிடையே பிணக்கு நேரிடின், அவன் குடும்பத்தார் ஒருவரும் அவள் குடும்பத்தார் ஒருவருமாக இரு நடுவர் கூடிச் சமாதானம் செய்விக்க முயலல் வேண்டும். அது கைகூடாதவிடத்து, மனைவி மாதவிலக்கு நீங்கியிருக்குங்கால், அவளைக் கூடாத நிலையில், ஒரே தலாக் கூறுதலே சிறந்ததென்பது அறிஞர் துணிபு. பின்னர் ஏறக்குறைய மூன்று மாதம், கருவுற்றிருப்பின் பிரசவம் வரையில், இத்தா என்னும் காத்திருப்பு உண்டு. அதற்குள் கணவன் மனைவியை மீட்டுக்கொள்ளலாம். இவ்வுரிமை முதலிரு தலாக்குகளுக்கே உரியது. மூன்றையும் ஒருங்கே கூறுவோன் மீளும் வாயிலைத் தானே அடைத்துவிடுகின்றான்.

இம்முத்தலாக்கை ஹனபி அறிஞர் பாவமென்று கண்டித்தும் செல்லுமென்றனர். ஷியாக்களோ இரு சாட்சிகளின்றி எத்தலாக்கும் செல்லாதென்பர். 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா அதனை ஒன்றாகவே கணித்தார். எகிப்து தேசமும் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வாறே விதித்ததன்றி, குடிவெறியிலும் பலவந்தத்திலும் கூறிய தலாக்கையும் செல்லாததாக்கிற்று.

நம் நாட்டில், தக்க காரணமும் நடுவர் முயற்சியும் இன்றிக் கூறும் தலாக் செல்லாதென உச்ச நீதிமன்றம் 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்டு 22இல், ஷாயரா பானு வழக்கில், ஐவருள் மூவர் முத்தலாக்கை விலக்கினர். 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கூறுவோனுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் விதித்தது.

இவை மார்க்கத்தில் தலையிடுவன என்பாருமுளர். சிறைத்தண்டனையைப் பற்றி அவர் கூறும் தடையில் நியாயம் இல்லாமலில்லை. கணவன் சிறைபுகின் சமாதானத்திற்கு வழியேது? ஆனால் நடுவரும் இத்தாவும் அயலார் புகுத்தியவை அல்லவே! அவை மார்க்கத்தின் சொந்த உடைமைகள். அவற்றைக் கைவிட்டமையே பிறர் தலையீட்டுக்கு வழிகோலிற்று.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. அவன் ஆத்திரத்தில் உதிர்த்த சொல்லால், தான் மனைவியோ அல்லளோ என்றறியாது ஒரு பெண் பிறந்தகத்து வாயிலில் நிற்றல் எம்மார்க்கத்துக்கும் புகழன்று. ஆகவே, நடுவரின் முயற்சியும் தலாக் கூறிய நாளும் ஜமாஅத்துப் புத்தகத்தில் எழுதப்பெறுதல் வேண்டும். மனைவிக்கு அதன் படி கொடுக்கப்பெறுதல் வேண்டும். மணவிலக்கைச் செல்லத்தக்கதாக்குவது நாவின் வேகமன்று, நெறியின் நிறைவே என்பது நம் கருத்து. கற்ற இளைஞர் இதனைத் தத்தம் ஊர்களில் எடுத்துரைப்பாராக.