பிறப்புக்கா பெருமை?

ஆங்கிலம் பேசுவோர் நாட்டிலே, பள்ளிப் பந்தயத்தில் வென்று வீடு திரும்பும் சிறுமியைத் தாய் நேருக்கு நேர் நோக்கி, ‘உன்னை எண்ணிப் பெருமிதம் கொள்கிறேன்’ என்கிறாள். தந்தையும் அதையே சொல்கிறார். ஆசிரியரும் அதையே சொல்கிறார். தோற்றுத் திரும்பிய பிள்ளைக்கும், முயன்றாயே என்பதற்காக, அச்சொல் கிடைப்பதுண்டு.

இங்கே? மயிலாப்பூர் மாடவீதியிலே, தேர்வில் முதன்மை பெற்ற மகள் வீட்டுப் படியேறுகிறாள். வாய் திறந்து பாராட்டுவோர் சிலர். ‘புகழாதே, கண் பட்டுவிடும்!’ என்று வாயைப் பொத்துவோர் பலர். உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பிலே இடப்படுகின்றன. வாசலிலே பூசணிக்காய் உடைபடுகிறது. கோயிலிலே அவள் பெயருக்கு அர்ச்சனை நடக்கிறது. இரவெல்லாம் விழித்துப் படித்தவள் மகள். நன்றி பெறுவதோ கற்சிலை! பாராட்டினால் பழுது வரும் என்று அஞ்சி, பெற்ற மகளிடமே பெருமிதத்தை ஒளித்து வைக்கும் இந்தப் பேதைமையைப் பண்பாடு என்கிறார்கள். அடக்கம் என்கிறார்கள். அச்சம் என்பதே அதன் உண்மைப் பெயர் என்கிறோம் நாம்.

ஆங்கிலேயரின் அச்சொல்லும் தொடக்கந்தொட்டு மாசற்று விளங்கிய சொல்லன்று. கிறித்தவ மதம் ஏழு பெரும் பாவங்களின் பட்டியலிலே அதனையும் வைத்தது. எனினும், பாவப் பட்டியலில் இருந்த சொல்லையே பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்கும் சொல்லாகவும் அம்மக்கள் வழங்கினர். நமக்கோ அந்த இடர்ப்பாடும் இல்லை. செருக்கு வேறு, இறுமாப்பு வேறு, ஆணவம் வேறு, பெருமிதம் வேறு என்று பிரித்து வைத்த மொழி நம் மொழி. மெய்ப்பாடுகள் எட்டினுள் பெருமிதத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அந்த நான்கிலே குலம் உண்டா? கோத்திரம் உண்டா? பாட்டன் பட்டம் உண்டா? இல்லை!

இல்லாத ஒன்றை இடையிலே புகுத்தினர். கற்றதனால் வரவேண்டிய பெருமை, கருவறையிலேயே வந்துவிடும் என்றனர். அதன் விளைவு என்ன? 2023-ஆம் ஆண்டு, நாங்குநேரியிலே பள்ளி மாணவன் ஒருவன், உடன் படித்த பிள்ளைகளாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, 2024-இல் அரசுக்கு அளித்த அறிக்கையிலே, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் மணிக்கட்டிலே கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏடு ஏந்த வேண்டிய கையிலே சாதிக் கயிறு! ‘நீ செய்தது நன்று’ என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. ‘நீ பிறந்தது உயர்வு’ என்று சொல்லத் தெருவெல்லாம் ஆளுண்டு. அந்தப் பிள்ளை வேறெதைப் பற்றிக்கொள்ளும்?

நம் சென்னை கண்ட ஒரு மேதையை எண்ணுவோம். துறைமுக அலுவலகத்திலே எழுத்தராக இருந்த இராமானுசன், 1913-ஆம் ஆண்டு சனவரியிலே கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அழைத்தார், 1914-இல் கடல் கடந்தார் இவர், 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது. 1920-இல் இவர் சென்னையிலே மறைந்தபோது, கடல் கடந்து தீட்டுப்பட்டவர் என்று வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை. ஹார்டியோ, 1940-இல் வெளியிட்ட தம் நூலிலே, லிட்டில்வுட், இராமானுசன் ஆகிய இருவரோடும் ஏறத்தாழச் சமநிலையில் இணைந்து உழைத்ததைத் தம் வாழ்வின் பேறாக எழுதினார். வேற்று நாட்டவர், வேற்று மொழியினர், கடவுளை நம்பாதவர். அவர் பெருமிதம் கொண்டது இராமானுசனின் அறிவு கண்டு!

இங்குள்ளோர் என்ன சொன்னார்கள்? நாமகிரித் தாயார் கனவிலே வந்து கணக்குச் சொன்னாளாம்! இராமானுசனே அவ்வாறு நம்பியிருக்கலாம். கனவு காண்போர் கோடி. அக்கணிதம் கண்டவர் அவர் ஒருவரே. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, வைக்கவில்லையே என்று அவர் துணைவியார் சானகி அம்மையார் திருவல்லிக்கேணியிலே இருந்து வருந்தினார். 1980-களிலே அந்தக் குறையைத் தீர்த்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் ஆஸ்கி. பல நாட்டு அறிஞர்கள் பொருள் தந்தனர். அமெரிக்கச் சிற்பி கிரான்லண்ட் மார்பளவுச் சிலை வடித்தார். தீட்டு என்று விலகியது ஒரு கூட்டம். செயல் கண்டு சிலை செய்தது வேறொரு கூட்டம்!

ஆங்கிலேயர் செய்ததெல்லாம் அறமென்று நாம் கூறவில்லை. 1857 கிளர்ச்சியிலே இந்தியரைக் கொன்று குவித்த நீல் என்பவனுக்கு இதே சென்னையின் மவுண்ட் ரோட்டிலே சிலை நிறுத்தியவர்களும் அவர்களே. 1927-இல் அச்சிலையை எதிர்த்துப் போர் நடந்தது; 1937-இல்தான் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. இனச் செருக்கும் சாதிச் செருக்கும் ஒரே நஞ்சின் இரண்டு குடங்கள். நாம் அவர்களிடம் கொள்ள வேண்டியது, செய்தவர் பெயரைச் சொல்லி, செய்த செயலைச் சொல்லி, வாய்விட்டுப் பாராட்டும் வழக்கத்தையே.

பாராட்ட நமக்கு ஆளில்லையா? அடையாறு செல்லுங்கள். சாதிக் கணக்கு இழிவென்று ஒதுக்கிய தாயின் வயிற்றிலே பிறந்த முத்துலட்சுமி அம்மையார், 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்: அது கல்வி. 1927-இல் சட்டமன்றம் புகுந்து, தேவதாசி முறையை எதிர்த்து வாதாடினார். 1947-இல் ஒழிப்புச் சட்டம் வந்தது: அது அஞ்சாமை. ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லமும், 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையும் தந்தார்: அது கொடை. புகழ் தானே வந்தது. தொல்காப்பியர் சொன்ன நான்கும் ஓர் உருவிலே!

தியாகராய நகர் செல்லுங்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரே ஊர்ப் பெயர். பனகல் அரசர் பெயரிலே பூங்கா, நடேசனார் பெயரிலே பூங்கா. பாண்டி பஜார் என்று மக்கள் வழங்கும் அங்காடிக்குச் சௌந்தரபாண்டியனார் பெயர். 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலே, சாதிப் பட்டங்களைத் துறப்பீர் என்ற தீர்மானம் நிறைவேறியபோது தலைமை தாங்கியவர் அவர். ஆனால் அங்கே புடவை வாங்க வரும் ஆயிரமாயிரம் பேருள் எத்தனை பேர் அதனை அறிவர்? இலண்டனிலே 1866-இல் தொடங்கிய வழக்கம் ஒன்று உண்டு: அறிஞர் வாழ்ந்த வீட்டுச் சுவரிலே ஒரு பலகை. பெயர், ஆண்டு, ஆற்றிய பணி. அவ்வளவே! தெருவிலே நடப்பவன் படித்துச் செல்கிறான். நாம் பெயரை வைத்தோம். செயலை எழுத மறந்தோம். பெயர் மட்டும் நின்றால், நாளை அதுவும் ஒரு சாமியாகும். மாலை விழும், கற்பூரம் எரியும், கருத்து மறையும்.

இளைஞர்களே! வானளாவப் பதாகை கட்டுவதும் வாய் ஓயாமல் அடைமொழி அடுக்குவதும் பாராட்டு ஆகா. பூங்காக்களின் வாயிலிலே, அங்காடியின் முகப்பிலே, அம்மனிதர் செய்தது இன்னது என்று நாலு வரி எழுதி வைக்க மாநகராட்சியைக் கேளுங்கள். ஓயாது கேளுங்கள். அதற்கும் முன்னே, இன்று மாலை வீடு சென்றதும், படித்து வந்த தங்கையிடம், உழைத்து ஓய்ந்த தாயிடம், அவர் செய்த செயலைச் சொல்லி, ‘பெருமிதம் கொள்கிறேன்’ என்று நேர் நின்று சொல்லுங்கள். எந்தக் கண்ணும் பட்டுவிடாது!