வாடகை வீட்டிலேயே ஆயுள் கழிய வேண்டுமா?

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்க வந்தவர், மொத்தக் கடையில் கணக்கெழுத வந்தவர், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தா என்று திருவனந்தபுரத்துக்கு வந்த தமிழர்கள் பல ரகம். ஆனால் வந்த அன்று எல்லாருடைய நினைப்பும் ஒன்றுதான். நாலு வருஷம் இருந்து நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்பதே அது. நாலு வருஷம் நாற்பது வருஷமாகிவிடுகிறது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தமிழைவிட மலையாளத்தைச் சரளமாகப் பேசுகிறார்கள். வீடு மட்டும் வாடகை வீடாகவே இருக்கிறது.

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் வாடகை ஏறுகிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்றால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வேறு சந்து தேட வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகள் கொடுத்த வாடகையைக் கூட்டிப் பார்த்தால் ஒரு சிறு மனையின் விலை வந்துவிடும். சொந்தமாக ஒரு வீடு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், "வெளியூர்க்காரனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்?" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இந்தப் பதில் சரிதானா என்று அலசிப் பார்ப்பது அவசியம்.

சட்டம் தடுக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தியக் குடிமகன் நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கலாம், நிலையாகக் குடியேறலாம் என்பது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தந்துள்ள உரிமை. இமாசலப் பிரதேசத்தில் அம்மாநில விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க வேண்டுமானால் அரசின் அனுமதி பெற வேண்டும் என்று 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் 118-வது பிரிவு கூறுகிறது. கேரளத்தில் பக்கத்து மாநிலத்தார் வீட்டு மனை வாங்க அப்படிப்பட்ட தடை ஏதும் இல்லை. கடையில் கூட்டிக் கொடுப்பவர்கள் பயமுறுத்துவதுபோல் 'நேட்டிவிட்டி' சான்றும் மனை வாங்கத் தேவையில்லை.

கடல் கடந்து போன தமிழர்களின் நிலை இதைவிடக் கடினம். கனடாவில் வெளிநாட்டவர் குடியிருப்பு வாங்குவதற்கு 2023 ஜனவரி 1 முதல் தடை வந்தது. நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. அவர்களும் வீட்டு விலையில் 20 சதவீதத்தைக் கையிலிருந்து போடாவிட்டால் கடனுக்கு இன்சூரன்ஸ் செலுத்தியாக வேண்டும். அத்தனையையும் தாண்டி அங்கே போய் வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்தவர் அப்படிக் கண்டம் தாண்டி வந்தவர் அல்லர். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேரும் வரை இரண்டு ஊரும் ஒரே ராஜ்யத்தில்தான் இருந்தன. சட்டத்துக்கு முன் அவர் அன்னியர் அல்லர் என்றால், வங்கியின் வாசலில் அவரைத் தடுப்பது எது?

சம்பளம் உண்டு, சாட்சி இல்லை

தடுப்பது காகிதம். ரயில்வே, தபால் போன்ற மத்திய அரசு இலாகாக்களில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. அவருக்கு வங்கிக்குப் போகாமலே ஒரு வழியும் உண்டு. 2017-ல் திருத்தப்பட்ட விதிப்படி, 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம் ரூபாய், இவற்றில் குறைந்த தொகை வரை, வீட்டின் விலைக்கும் திருப்பிக் கட்டும் சக்திக்கும் உட்பட்டு, வீடு கட்ட முன்பணம் பெறலாம். ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம் இருக்கையில் விசாரிக்கப் போவதால்தான் பலருக்கு இதனால் பிரயோஜனம் இல்லாமல் போகிறது.

கடைச் சிப்பந்தியின் கதை வேறு. இருபது வருஷமாக ஒரே முதலாளியிடம் இருந்தாலும் சம்பளம் ரொக்கமாகவே கைக்கு வருகிறது. அதற்குச் சீட்டும் இல்லை, கணக்கும் இல்லை. வங்கி மானேஜர் "வருமானத்துக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் முதலாளியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த முதலாளிகளில் பலரும் தமிழர்களே. கோயில் கொடைக்கும் சங்கத்து விழாவுக்கும் தாராளமாகக் கொடுப்பவர்கள், தங்களிடம் உழைப்பவனுக்கு மாதா மாதம் ஒரு சம்பளச் சீட்டு கொடுத்து, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டால் அது அவனுக்கு ஒரு வீட்டையே கொடுத்த மாதிரி.

இரண்டாவது காகிதம், கடன் வரலாறு. 300 முதல் 900 வரை மதிப்பெண் போடும் 'சிபில்' போன்ற நிறுவனங்களின் அறிக்கையைப் பார்க்காமல் இன்று எந்த வங்கியும் வீட்டுக் கடன் தருவதில்லை. வட்டிக்காரரிடம் வாங்கி நாணயமாகத் திருப்பிக் கொடுத்த கடன் எதுவும் அந்த அறிக்கையில் ஏறாது. 2014-ல் கேரளப் போலீசார் 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் வேட்டை நடத்த வேண்டிய அளவுக்கு வளர்ந்திருந்த 'பிளேடு' வட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர், பணத்தையும் இழந்து பெயரையும் சேர்க்காமல் நிற்கிறார். அதேசமயம், முன்பு கடனே வாங்கியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரின் மனுவைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதை, மத்திய நிதி அமைச்சகம் 2025-ல் நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னது. இதைத் தெரிந்துகொண்டு கேட்பவர் எத்தனை பேர்?

'நிலம்' என்றால் நிலமல்ல

வருமானத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டாலும் மனைப் பத்திரங்கள் பாக்கி இருக்கின்றன. தமிழனை அதிகமாக ஏமாற்றுவது இந்த இடம்தான். மலையாளம் தெரியாததால் ஏமாறுவதைவிட, தெரிந்த சொல்போல் இருப்பதால் ஏமாறுவதே அதிகம்.

இங்கே 'ஆதாரம்' என்றால் கிரயப் பத்திரம். 'முன்னாதாரம்' என்றால் தாய்ப் பத்திரம். 'போக்குவரவு' என்பது வண்டி வாகனப் போக்குவரத்து அல்ல. வாங்கியவர் பெயருக்கு வில்லேஜ் ஆபீசில் செய்யும் பெயர் மாற்றம். 'கரம்' நில வரி. 'தண்டப்பேர்' அந்த வரிக் கணக்கின் எண். நம் ஊர் வில்லங்கச் சான்றுக்கு இங்கே 'குடிக்கட' சர்ட்டிபிகேட். இவற்றோடு கைவச சர்ட்டிபிகேட்டும், இடத்தின் வரைபடமும், அங்கீகரித்த கட்டட பிளானும் வங்கி கேட்கும். பொதுவாக முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்த்து, வங்கியின் வக்கீல் ஒப்புதல் தந்த பிறகே பணம் கைக்கு வரும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் 'நிலம்'. நமக்கு நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல் வயல். வீடு கட்டக்கூடிய மேட்டு மனை 'புரயிடம்'. கண்ணுக்கு மேடாக, நாலு தென்னை நிற்கிற இடமாக இருந்தாலும் பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்தால் சிக்கல்தான். 2008-ம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலைத் தூர்ப்பதைத் தடுக்கிறது. வயல்களைப் பட்டியலிடும் 'டேட்டா பேங்க்' பதிவில் சேராத இடத்தைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள 2018-ம் ஆண்டுத் திருத்தம் வழி விட்டது. அதற்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை நடக்க வேண்டும். பதிவில் சேர்ந்த இடமாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். விலை மலிவு என்று நகருக்கு வெளியே ஐந்து சென்ட் வாங்கியவர், வீடு கட்ட அனுமதியும் இல்லாமல், வங்கிக் கடனும் இல்லாமல், போட்ட பணத்தையும் எடுக்க முடியாமல் நிற்பது இப்படித்தான். புரோக்கரின் வாய் வார்த்தையை நம்பாமல், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வரி ரசீதை வாங்கி அந்த ஒரு சொல்லைப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

'பட்டயம்' என்ற சொல்லும் அப்படியே. நம் பட்டாவின் அண்ணன் தம்பி மாதிரி தோன்றும். சர்க்கார் பதித்துக் கொடுத்த பூமிக்கு உரியது அது. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்

கடன் கிடைக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் விவேகம் அல்ல. 25 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே உச்சபட்சம் 22.5 லட்சம் கிடைக்கும். மீதி 2.5 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு இன்னொரு 2.5 லட்சம். இந்தச் செலவை வங்கி வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கணக்கிடாது. ஆக, 5 லட்சம் சேமிக்காதவர் இந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. 1969 முதல் நடந்துவரும் மாநில அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யின் சிட்டி போன்ற ஒழுங்கான சேமிப்பு இதற்குக் கை கொடுக்கும்.

8.5 சதவீத வட்டியில் இருபது வருஷத்துக்கு 22.5 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 19,500 ரூபாய். இருபது வருஷ முடிவில் கட்டியிருக்கும் தொகை சுமார் 46.8 லட்சம், அதாவது வாங்கியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வட்டி மாறினால் இந்தக் கணக்கும் மாறும். தவணை தவறி, கணக்கு வாராக் கடனாகிவிட்டால், 2002-ம் ஆண்டின் 'சர்ஃபேசி' சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கைப்பற்ற முடியும். வேறு ஒருவருடைய கடனுக்கு ஊர்ப் பாசத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரும் இதை மறக்கக் கூடாது.

கடன்காரருக்குச் சாதகமான விதிகளும் இருக்கின்றன. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கொஞ்சம் கட்டுகிறவருக்கு இருபது வருஷக் கடன் பதினைந்தில் தீரும்.

தமிழில் கேட்க உரிமை உண்டு

இத்தனைக்கும் மேலாக ஒரு விதியை ஒவ்வொரு தமிழரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் எதுவானாலும் வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாவற்றையும் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே வங்கி கொடுத்தாக வேண்டும். அந்தத் தாள் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர், தமிழில் கொடுங்கள் என்று கேட்கலாம். அது தயவு கேட்பதாகாது. கேட்காமல் நாற்பது பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

"கேரளத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் மலையாளம் படிக்கட்டுமே" என்று சிலர் சொல்லக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்காவது இந்த ஊர் எழுத்தைக் கற்றுக்கொள்வது குடியேறியவரின் கடமையே. பத்திரத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதே கேரளம்தான் 1969-ம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ் பேசும் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் இலாகாத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று பெருந்தன்மையோடு இடம் கொடுத்தது. மாநில சர்க்கார் கொடுத்த மரியாதையை, தமிழர் பணம் ஓடும் சாலைக் கடைத்தெரு வங்கிக் கிளைகளும் கொடுக்கலாம்.

தமிழ் அமைப்புகளும் ஆண்டு விழாவோடு நின்றுவிடக் கூடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வக்கீலையும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரையும் உட்கார வைத்து, வருகிறவர்களின் பத்திரத்தைப் படித்துச் சொன்னாலே போதும். ஒரு மேஜையும் நாலு நாற்காலியும்தான் இதற்கு மூலதனம். அந்த மேஜையில் ஒருவர் வந்து காட்டும் வரி ரசீதில் 'நிலம்' என்று இருப்பதைக் கண்டு சொல்லிவிட்டால், ஒரு குடும்பத்தின் இருபது வருஷச் சேமிப்பு காப்பாற்றப்பட்டதாகும். செய்வார்களா?