பல் தேய்ந்த பெட்டி

சென்ற இதழில் கிணற்று மோட்டாரைப் பற்றி எழுதியதைப் படித்த இடுக்கிப் பக்கத்து அன்பர்கள் சிலர், வாசலில் நின்று சோறு போடும் சரக்கு வண்டியைப் பற்றியும் எழுதலாகாதா என்று கேட்டிருந்தனர். நியாயமான கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறியை மலைமேல் ஏற்றுவோரும், ஏலக்காய் மூட்டைகளைப் புற்றடி, போடி ஏல நிலையங்களுக்குக் கொண்டுசெல்வோரும் நம் சங்கக் குடும்பங்களில் பலர் உளர். நான் ரயில்வேயில் பேரேடு எழுதுகிறவன். வண்டித் தொழில் கற்றவன் அல்லன். ஆயினும் சென்ற மழைக்காலத்தில் என் அத்தானின் வண்டிக்குக் கியர் பெட்டியைக் கழற்றி மாட்டியபொழுது நான்கு நாள் உடனிருந்தேன். கண்டதை எழுதுகிறேன்.

குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும் மலைச்சாலையை அறியாதார் நம்மில் இல்லை. அச்சாலையில் பாரத்துடன் இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருக்கையில், கியர்க் கம்பி தானே துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. அவ்விடத்தில் இதன் பொருள் என்னவென்று வண்டி ஓட்டுவோருக்குத் தெரியும். கியர் விட்டால் எஞ்சினின் பிடி போயிற்று. வண்டியின் முழு பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறச் சூடேற அதன் பிடியும் குறையும். அத்தான் எப்படியோ மலையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டார். அன்று மாலை என் அக்காள், இனி இந்த வண்டி மலை இறங்கினால் தான் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்லள்.

பெட்டியைக் கழற்றுமுன் பழுது பெட்டியில்தானா என்று பார்க்கவேண்டும். இதில்தான் பலர் பணத்தை இழக்கின்றனர். எஞ்சின் ஓடும்பொழுது எந்தக் கியரும் எளிதில் விழவில்லை, எஞ்சினை நிறுத்தினால் எல்லாம் வெண்ணெய்போல் விழுகின்றன என்றால், குற்றம் பெரும்பாலும் கிளட்ச் முழுதும் விடாததே. பெட்டியின்மேல் பழி போடுவது அநியாயம். கிளட்சை மிதிக்கும்பொழுது மட்டும் இரைச்சல் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் நிற்கையில் இரைந்து, கிளட்சை மிதித்தவுடன் அடங்கினால், பெட்டிக்குள் நுழையும் முதல் தண்டின் பேரிங்கைப் பார்க்கவேண்டும். மற்றக் கியர்களில் உறுமி, நேரடிக் கியரில் மட்டும் அடங்கினால் (ஐந்து கியர் வண்டிகள் பலவற்றில் நான்காவதே நேரடி) அடித்தண்டும் அதன் பேரிங்குகளும் தேய்ந்தன எனலாம். ஒரே ஒரு கியர் மட்டும் துள்ளுகிறதா? அப்பொழுதும் முதலில் பெட்டியைத் தாங்கும் ரப்பரையும் கம்பி இணைப்புகளையும் பாருங்கள். சில நூறு ரூபாயில் தீரும் நோய்க்கு அறுவைச் சிகிச்சை எதற்கு?

அத்தான் வண்டியில் ரப்பர் நன்றாக இருந்தது. எண்ணெயை வடித்துப் பார்த்தோம். காந்தத் திருகில் மெல்லிய இரும்புத் தூள் படிந்திருப்பது இயல்பு. அது பற்றி அஞ்சவேண்டா. ஆனால் எண்ணெயில் பொன்னிறமாக மின்னும் துகள்கள் மிதந்தன. அது பித்தளை. பல்லோடு பல் சேருமுன் இரு சக்கரங்களின் வேகத்தையும் சமப்படுத்தும் வளையம் ஒன்று உண்டு. சின்க்ரோ ரிங் என்பர். அதுவே அரைபட்டுக்கொண்டிருந்தது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் முதன்முதல் வந்த ஏற்பாடு இது. பழைய வில்லிஸ் ஜீப்பின் முதல் கியருக்கு இவ்வளையம் கிடையாது. அதனாலேயே எஸ்டேட்டுகளில் ஜீப் ஓட்டிய நம் பெரியவர்கள் கிளட்சை இருமுறை மிதித்துக் கியர் மாற்றினர். அவர்கள் கால் பழக்கம் இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை.

பட்டறையில் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் கேட்டனர். பழைய பெட்டி ஒன்று 22,000-க்குக் கிடைக்கும் என்றார் வேறொருவர். கியர் பெட்டியின் எண் ஆர்.சி.யில் ஏறுவதில்லை, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணுமே அதில் இருப்பன. ஆதலால் பெட்டியை மாற்றுவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் பிறர் வண்டியில் உழைத்த பெட்டியின் வயிற்றில் என்ன நோய் இருக்கிறதென்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. "கழற்றுவதும் மாட்டுவதும் நாமே செய்வோம், மாப்பிள்ளை, பிரிப்பதை மட்டும் ஆசான் பார்க்கட்டும்" என்றார் அத்தான். மலையாள நாட்டில் பட்டறைத் தலைவரை ஆசான் என்றே அழைப்பர். பேரிங்கைப் பிரெஸ்ஸில் வைத்து எடுக்கவேண்டும். சுத்தியால் அடித்து எடுப்பது பேரிங்கையும் கெடுக்கும், தண்டையும் கெடுக்கும். ஆகவே அது நல்ல பங்கீடு என்றே நானும் கருதினேன்.

இனிச் சொல்லப்போவதை வீட்டிலுள்ள பெண்டிரும் படிக்கவேண்டும். நான் போய்ச் சேர்ந்தபொழுது வண்டி ஹாலோ பிளாக் கற்களின்மேல் நின்றது. அத்தான் அடியில் படுத்திருந்தார். அக்காள் சாப்பிட அழைத்தாள். அவர் வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருக்கையில், முறுக்கு ஒடிவதுபோல் ஒரு சிறு ஓசை. கல் இரண்டாகப் பிளந்து வண்டி ஒரு பக்கம் அமர்ந்துவிட்டது. சுவரில் சாந்து பூசி வரிசையாக வைக்கும்பொழுது அக்கல் பாரம் தாங்கும். இரும்பின் முனை ஓரிடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பின்றி உடையும். செங்கல்லும் வெட்டுக்கல்லும் அப்படியே. ஜாக்கி தூக்குவதற்கு உரியதேயன்றித் தாங்குவதற்கு உரியதன்று. அன்று மாலையே பட்டறையிலிருந்து இரும்பு ஸ்டாண்டு நான்கு இரவல் வாங்கினோம். கான்கிரீட் வந்தபின் ஏலத்தில் விலைபோன பழைய ரயில் சிலீப்பர்க் கட்டைகள் பக்கத்துத் தோட்டத்தில் கிடந்தன. அவற்றையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். மலைநாட்டு முற்றம் சரிவானது. சக்கரங்களுக்கு இருபுறமும் அண்டை கொடுத்த பிறகே அடியில் நுழைந்தோம். அக்காள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டரி இணைப்பை எடுத்தோம். பின்னச்சுக்குச் செல்லும் தண்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் வண்ணக்கோடு இட்டோம். பழைய நிலையிலேயே பூட்டாவிட்டால் வண்டி அதிரும். பெட்டியின் முன் தண்டு கிளட்ச் பிளேட்டின் நடுவே நுழைந்திருக்கும். போல்ட்டுகள் எல்லாம் கழன்றபின் பெட்டியை அத்தண்டில் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துபோகும். நேராகப் பின்னுக்கு இழுக்கும்வரை அடியில் தாங்கல் வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் தனியே முயலவேண்டா.

ஆசான் பிரித்துக் காட்டினார். இரண்டாம் கியரின் வளையம் வழுவழுவென்றிருந்தது. அதன்மேல் நகரும் உருளையின் பல் முனைகள் மழுங்கியிருந்தன. அதைத் தள்ளும் கவையின் இரு நுனியும் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தன. கவை தேய்ந்த காரணத்தை அவர் கேள்வியாகவே கேட்டார்: ஓட்டும்பொழுது இடக்கையைக் கியர்க் கம்பியின்மேல் வைத்திருப்பீர்களோ? அத்தான் பதில் சொல்லவில்லை. அந்தக் கையின் சிறு பாரம் ஓயாமல் கவையை உருளையின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

உருப்படிகளுக்கு 14,500, பிரிக்கவும் பூட்டவும் 4,000. பெட்டி வெளியே இருக்கையிலேயே ரிலீஸ் பேரிங்கும் பின் எண்ணெய் சீலும் புதிதாகப் போட்டோம்; இவற்றுக்காக மறுபடி ஒருமுறை கழற்றுவது வீண் உழைப்பு. எண்ணெயில் மட்டும் விலை பார்த்து ஏமாறவேண்டா. ஜி.எல்.5 என்பது ஜி.எல்.4-ஐவிட உயர்ந்தது என்று கடையில் சொல்வர்; பின்னச்சுக்கு அது ஏற்றதே. ஆனால் அதிலுள்ள கந்தகக் கூட்டுப்பொருள்கள் பித்தளை வளையத்தை அரிக்கக்கூடும். வண்டியுடன் வந்த கையேட்டில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள்.

ஐந்தாம் நாள் காலை வெறும் வண்டியுடன் லோயர் கேம்ப் வரை இறங்கினோம். கியர் துள்ளவில்லை. மூன்று வளைவு வரை அத்தானின் இடக்கை பழக்கத்தால் கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. பின் ஸ்டியரிங்கிலேயே தங்கிற்று. திரும்பி ஏறுகையில் குமுளியில் அக்காளுக்கு ஒரு படி வேர்க்கடலை வாங்கிக்கொண்டோம்.

இது பற்றிக் கேட்டு எழுதும் அன்பர்கள், வண்டியின் ஆண்டையும், எந்தக் கியரில், ஏற்றத்திலோ இறக்கத்திலோ தொல்லை என்பதையும் குறித்து எழுதுக. ஆசானிடம் கேட்டு அடுத்த இதழில் விடை தருகிறேன்.