ஈட்டியை எண்ணுபவர் யார்?

இருவர் கருவியேந்தி மோதினால் அது சண்டை. அவர்தம் அடிகளை மூன்றாமவர் ஒருவர் ஓரமாய் நின்று எண்ணத் தொடங்கினால் அதுவே விளையாட்டாகி விடுகின்றது. ஆனால் அங்கேயே இன்னொரு வினாவும் பிறந்து விடுகின்றது: எண்ணுகின்றவரை யார் கண்காணிப்பது?

இவ் வினாவை இப்பொழுது எழுப்புவதற்குக் கரணியம் உண்டு. 2024 சனவரித் திங்களில் தமிழ்நாட்டில் நடைபெற்ற 'கேலோ இந்தியா' இளையோர் விளையாட்டு விழாவில் (பெயரைப் பற்றி இங்கே பேச வேண்டா) நம் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. தமிழ்நாட்டரசுப் பணிகளில் விளையாட்டுத் துறையினர்க்கென ஒதுக்கப்பெற்ற 3 விழுக்காட்டிலும் சிலம்பத்திற்கு இடம் தரப்பெற்றுள்ளது. மகிழ்ச்சியே. ஆயின் நேற்றுவரை ஊர்த்திருவிழாவில் மாலைக்கும் துண்டுக்கும் ஆடிய இளைஞன் இன்று புள்ளிக்கும் தரவரிசைக்கும் ஆடுகின்றான். அப் புள்ளி அவனுக்குச் சோறு. சோறு எழுதப்படும் தாளை யார் கையில் வைத்திருக்கிறார் என்று கேட்பது குறும்பன்று.

இத் துறையில் நமக்கு முன்னே நெடுங்காலம் நடந்து, விழுந்து, எழுந்தவர் ஐரோப்பியர். அவர்தம் இடைக்காலப் போர் விளையாட்டை இங்குப் 'பொருகளம்' என்றே அழைப்போம். குதிரையேறிப் பொருதவரைப் 'பரிமறவர்' என்போம். நாம் அறிந்திருக்கும் பொருகளம், திரைப்படத்தில் வரும் வண்ணத் துணியும் எக்காளமும் கலந்த காட்சி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வட பிரான்சில் அது அப்படி இருக்கவில்லை. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வெளி முழுவதும் களம். இரு படைகள் மோதும். தோற்றுப் பிடிபட்டவன் குதிரையும் மெய்ம்மறையும் பிடித்தவனுக்கு உரிமை. மேற்கொண்டு மீட்புப் பணமும் தரவேண்டும். புள்ளி என்பது அங்கே உயிருள்ள ஆள்.

வில்லியம் மார்சல் என்னும் ஆங்கிலப் பரிமறவன் இதனாலேயே உயர்ந்தவன். நிலமில்லா இளைய மகன். இறுதியில் பெம்புரோக்குக் கோமகனாகி, 1216இல் சிறுவனாய் அரியணையேறிய மூன்றாம் என்றிக்காக இங்கிலாந்தையே காத்து நின்றவன். இளமையில் தன் கூட்டாளி உரோசருடன் பங்கு பேசிக்கொண்டு களங்கள்தோறும் சென்றான். பெந்தெகொசுதே திருநாள் முதல் அடுத்த தவக்காலம் வரை, அஃதாவது ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில், இருவரும் சேர்ந்து 103 பரிமறவரைச் சிறைப்பிடித்தனர் என்று அவன் வரலாற்றைப் பாடிய நூல் சொல்கின்றது. இத் தொகை எப்படித் தெரிந்தது? இளவரசனின் அடுக்களைக் கணக்கர் விகேன் என்பவர் எழுதி வைத்தார். இறைச்சிக்கும் மாவுக்கும் கணக்கெழுதிய கை பிடிபட்ட மாந்தரையும் எழுதிற்று. குதிரைகளையும் பிற பொருள்களையும் கணக்கில் சேர்க்கவில்லையாம். ஐரோப்பியப் போர் விளையாட்டில் நாம் பெயரறிந்த முதற் கணக்கர்களுள் ஒருவர் ஓர் அடுக்களை எழுத்தர் என்பது நமக்கு உவப்பாகவே இருக்கின்றது. அவர் எந்தப் படையிலும் இல்லை, பரிசிலும் அவருக்குப் பங்கில்லை.

அதே மார்சல் புளூர் என்னுமிடத்தில் வென்றபோது பரிசு கொடுக்க அவனைத் தேடிச் சென்றவர்கள் கொல்லன் பட்டறையில் கண்டனர். அடிபட்டு நசுங்கிய தலைக்காப்பு கழலாமையால், பட்டடைக்கல்லின் மீது தலையை வைத்துக் கிடந்தான். கொல்லன் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். பரிசு என்ன? ஒரு பெரிய மீன்.

இது வெறும் வேடிக்கையாய் நின்றுவிடவில்லை. களத்தில் பலர் மாண்டனர். 1130இல் கிளெர்மோன்று நகரில் கூடிய கிறித்தவப் பேரவை பொருகளத்தைத் தடை செய்து, அங்குச் செத்தவர்க்குத் திருக்கோவில் அடக்கம் இல்லை என்றது. யாரும் நிறுத்தவில்லை. 1241இல் செருமானிய நாட்டு நொய்சு நகரில் வெயிலிலும் புழுதியிலும் மூச்சடைத்து மாண்டவர் மட்டும் பல பதின்மர். 1316இல் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் யோவான் தடையைத் தாமே விலக்கிக்கொண்டார். தடுக்க முடியாததை ஒழுங்குபடுத்தலாம் என்று முன்பே கண்டவர் இங்கிலாந்தின் முதலாம் இரிச்சர்டு. 1194இல் ஐந்தே ஐந்து இடங்களில் மட்டும் களம் நடத்தலாம் என ஆணையிட்டு, கோமகனுக்கு 20 மார்க்கு, அவனுக்கு அடுத்த நிலையினனுக்கு 10, நிலமுள்ள பரிமறவனுக்கு 4, நிலமில்லாதவனுக்கு 2 என்று கட்டணம் வைத்தார். கருவூலத்திற்கு வருவாய், படைக்குப் பயிற்சி. ஆயினும் ஏழைக்குக் குறைந்த கட்டணம் என்று அன்றே வகுத்திருப்பதைப் போட்டி நடத்துவோர் கருதிப் பார்க்க வேண்டும். பதிவுக் கட்டணத்தைச் செல்வன் மகனுக்கும் கூலியாள் மகனுக்கும் ஒன்றாக வைக்கும் இற்றைப் போட்டிகளைவிட அது மேல்.

பின்னர் வந்த சட்டங்கள் கூர்வாளையும் கூர்ங்கத்தியையும் தண்டையும் விலக்கின. பார்க்க வருவோரும் படைக்கலம் கொண்டுவரக் கூடாதென்றன. ஈட்டி முனையில் மும்முனைக் குமிழ் பொருத்தப்பெற்றது. குத்தும், ஆனால் துளைக்காது. பதினைந்தாம் நூற்றாண்டில் எதிரெதிர் விரையும் குதிரைகளுக்கிடையே முதலில் துணியும் பின் மரப்பலகையும் தடுப்பாக நின்றன. கூட்டம் கூட்டமாய் மோதியது குறைந்து, ஒருவனோடு ஒருவன் ஈட்டி பாய்ச்சுவது தலையெடுத்தது. அப்போதுதான் புள்ளிக்கணக்கு முழு வடிவம் பெறுகின்றது.

1466இல் நான்காம் எட்வர்டு மன்னரின் ஆணைப்படி வூசுட்டர்க் கோமகன் சான் திப்டாப்டு என்பவர் எழுதிய வரம்புகள் கற்கத்தக்கவை. சேணத்திற்கு மேல், தலைக்காப்பை மார்புக் காப்போடு பிணைக்கும் கொளுவி வரையுள்ள பகுதியில் பட்டு ஈட்டி முறிந்தால் ஒன்று. கொளுவிக்கு மேல் பட்டு முறிந்தால் இரண்டு. எதிரியைக் குதிரையினின்று வீழ்த்துமாறு முறிந்தால் மூன்று. குமிழோடு குமிழ் மோதி முறிந்தாலும் மூன்று. சேணத்தில் பட்டு முறிந்தால் ஒன்று குறையும். நடுத்தடுப்பில் மோதினால் இரண்டு குறையும்; மீண்டும் மோதினால் மூன்று. குதிரையைக் குத்தியவனுக்குப் பரிசே இல்லை. புறமுதுகில் குத்தியவனுக்கும் கருவியற்றவனைக் குத்தியவனுக்கும் அவ்வாறே.

இவ் வரம்புகளில் ஒன்றை உற்று நோக்குங்கள். கடினமான குத்துக்குக் கூடுதல் புள்ளி என்பதோடு நில்லாமல், இழிவான குத்துக்குக் கழிவும் நீக்கமும் உண்டு. எதைச் செய்தால் பெறுவாய் என்று மட்டும் சொல்லும் கணக்கு ஆட்டக்காரனைப் பேராசைக்காரனாக்கும். எதைச் செய்தால் இழப்பாய் என்றும் சொல்லும் கணக்குத்தான் அவன் கையைக் கட்டும். (இதை எழுதிய திப்டாப்டு வாழ்க்கையில் கொடுமைக்குப் பேர்போனவர், 1470இல் தலை வெட்டுண்டு மாண்டார். நல்ல வரம்பு எழுதுவதற்கு நல்லவராயிருக்க வேண்டியதில்லை போலும்!)

கணக்குத்தாளும் எளிமையானது. ஒரு நீள்கட்டம், அதில் மூன்று கிடைக்கோடுகள், நடுக்கோடு மட்டும் கட்டத்தைத் தாண்டி வெளியே நீளும். எந்த உறுப்பில் பட்டது, ஈட்டி முறிந்ததா, பிழை நேர்ந்ததா என்பதைக் கட்டியக்காரர் அந்தந்தக் கோட்டில் சிறு கீற்றுகளாய்க் குறித்தனர். 1511இல் எட்டாம் என்றி தமக்கு மகன் பிறந்த மகிழ்ச்சியில் வெசுட்டுமின்சுட்டரில் நடத்திய களத்தின் தாள் இன்றும் இருக்கின்றது. மன்னர் தாமே இறங்கி ஆடிய களம். அக் குழந்தை சில வாரங்களில் இறந்துபோயிற்று. தாள் ஐந்நூறு ஆண்டு கடந்து நிற்கின்றது.

மன்னர் களமிறங்கினால் நடுவர் என்ன செய்வார் என்பது வேறு செய்தி. 1559 சூன் 30ஆம் நாள் பாரிசில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் என்றி, மோந்துகோமரி என்னும் தம் காவற்படைத் தலைவனோடு ஈட்டி பாய்ச்சினார். ஓர் ஓட்டத்தில் நிலைகுலைந்த மன்னர், மீண்டும் ஓர் ஓட்டம் வேண்டுமென்று தாமே வற்புறுத்தினார். முறிந்த ஈட்டியின் சிலாம்பு முகக்காப்பின் இடுக்கில் பாய்ந்தது. சூலை 10ஆம் நாள் மாண்டார். 'போதும், கணக்கு முடிந்தது' என்று மன்னரைத் தடுத்து நிறுத்தும் துணிவு களத்தில் ஒருவர்க்கும் இருந்திருந்தால் ஒரு நாட்டின் வரலாறே வேறாகியிருக்கும்.

மாந்தரை நம்ப வேண்டா, மின்பொறியை நம்பலாம் என்பாரும் உண்டு. 1976இல் மொந்திரியல் ஒலிம்பிக்கில் சோவியத்து நாட்டு ஒனிசெங்கோ என்பவர் ஐந்திறப் போட்டியின் வாட்பகுதியில் ஆடினார். அவர் வாள் எதிரியைத் தொடாதபோதும் புள்ளி விளக்கு எரிந்தது. பிரித்துப் பார்த்தால் பிடிக்குள் மறைவாய் ஒரு விசை! உடனே விலக்கப்பட்டார். பொறிக்கும் ஒரு கை உண்டு.

இடைக்காலப் போரை மீண்டும் ஆடிப் பார்க்கும் வேட்கை இன்று மேலைநாடுகளில் பெருகியுள்ளது. 2010இல் உக்கிரைனின் கோத்தின் கோட்டையில் தொடங்கிய நாடுகளின் போட்டியில் எஃகு மெய்ம்மறை பூண்டு மழுங்கிய படைக்கலத்தால் அடித்துக்கொள்கின்றனர். இரு பாதம் தவிர மூன்றாவதாய் உடலின் ஏதேனுமொன்று நிலத்தை ஊன்றினால் அவன் வீழ்ந்தவன். எவரும் மறுக்க முடியாத கணக்கு. பழைய ஐரோப்பிய வாட்கலையை ஆடுவோர் வேறொரு சிக்கலில் விழுந்தெழுந்தனர். முதலில் தொட்டவனுக்கே புள்ளி என்றால், தான் வெட்டுப்படுவதைப் பற்றிக் கவலையின்றி ஒருவன் பாய்ந்து தொட்டுவிடுகின்றான். உண்மைப் போரில் இருவரும் செத்திருப்பர். எனவே அடிபட்டவன் உடனே திருப்பி அடித்தால் முதல்வனின் புள்ளி குறையும் என்றும், இருவரும் ஒருங்கே பட்டால் இருவர்க்கும் ஒன்றுமில்லை என்றும் பல களங்களில் வகுத்துக்கொண்டனர். சிலம்பத்திற்கு இது நேராகப் பொருந்தும். தொடுவதற்கு மட்டும் புள்ளி தந்தால் காலடியும் தடுப்பும் செத்துப்போகும். பதினெட்டு அடவு கற்றவனைவிட, எட்டி ஒரு குத்துக் குத்தி ஓடுபவனே வெல்வான். கலையைக் கொல்வதற்குப் பகைவர் வேண்டா, பிழையான புள்ளிப்பட்டியல் போதும்.

அமெரிக்காவின் பெர்க்கிலியில் 1966 மே முதல் நாள் தோன்றிய ஒரு கழகத்தார் முற்றிலும் வேறு வழி கொண்டனர். பிரம்பால் செய்த வாளேந்தி ஆடும் அவர்களிடையே, அடி செவ்வையாய்ப் பட்டதா என்று சொல்ல வேண்டியவன் அடிபட்டவனே. அவன் 'பட்டது' என்றால் பட்டது. அரியணைப் போட்டியில் வென்றவனே சில திங்கள் அவர்க்கு 'அரசன்'. பொய்யனுக்கு அங்கே வாய்ப்பில்லையா என்றால், உண்டு. ஆனால் அடுத்த களத்தில் அவனோடு ஆட எவரும் விரும்புவதில்லை. அரசுப் பணி தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இம்முறை நில்லாது என்பதையும் நாம் அறிவோம்.

நம்மிடமும் ஒரு பழைய வழி இருந்தது. கழி நுனியில் நிறப்பொடி தோய்த்து ஆடி, ஆட்ட முடிவில் உடலில் பட்ட தடங்களை எண்ணினர். நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அங்கே தோற்றவன் உடம்பே கணக்குத்தாள். சுற்றி நின்ற ஊரார் எல்லாரும் அதைப் படித்தனர்.

இனித் தரவரிசை. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாடு ஈலோ என்பவர் சதுரங்கத்துக்கென வகுத்த முறையை 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றது. யாரை வென்றாய் என்பதற்கேற்பப் புள்ளி மாறும். இருவர்க்கும் 400 புள்ளி இடைவெளி இருந்தால், பதினோர் ஆட்டத்தில் பத்துப் புள்ளி வலியவனுக்கே என்று எதிர்பார்க்கப்படும். ஓர் ஆட்டத்திற்கு மாறக்கூடிய அளவு 20 என்று கொண்டால், எளியவன் வென்றால் ஏறத்தாழ 18 பெறுவான். வலியவன் வென்றால் இரண்டே. மேலை வாட்கலையார் இன்று வைத்துக்கொள்ளும் தரவரிசையும் இதன் வழித்தோன்றலே. அதில் நெடுநாள் ஆடாதவன் எண் ஐயத்திற்குரியதாகக் கருதப்படும். பழைய பதக்கத்தைக் காட்டிக் காலமெல்லாம் முதலிடத்தில் இருத்தல் இயலாது. எத்தனை போட்டிக்குச் சென்றான் என்று கூட்டிக்கொண்டே போகும் வரிசையோ, பேருந்துக் கட்டணம் கொடுக்க வல்லவனை உயர்த்தும். ஆண்டுக்கு இரண்டே களம் காணும் உழவன் மகன், எத்துணை வல்லவனாயினும், அடியிலேயே கிடப்பான்.

ஆகவே போட்டி நடத்தும் அன்பர்களிடம் நாம் வேண்டுவன சில. தம் மாணவன் ஆடும் சுற்றில் ஆசான் நடுவராய் அமர வேண்டா. எதற்குப் புள்ளி, எதற்குக் கழிவு என்பது முதல் ஆட்டத்திற்கு முன்பே தமிழில் எழுதி ஒட்டப்பெறட்டும். முறையீட்டுக்கு ஒருவரும், ஆட்டத்தை நிறுத்தும் உரிமையோடு மருத்துவர் ஒருவரும் இருக்கட்டும். அவர் சொல்லுக்கு அமைச்சர் மகனும் அடங்கட்டும். கணக்குத்தாள் நடுவரின் மடியில் இராமல் எல்லாரும் காண எழுதப்படட்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இரு ஆட்டக்காரரும் அதில் கையொப்பமிடட்டும். வருகின்ற பொங்கல் விழாக்களில் களம் அமைக்கும் மன்றத்தார் இதற்கென ஒரு கரும்பலகையும் நான்கு சுண்ணக்கட்டியும் வாங்கி வைத்தால் போதும். வரவேற்பு வளைவுக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.