ரோடு மேடு, வீடு பள்ளம்! சுரண்டாமல் போட்ட தார் செய்யும் கோலம்

சென்னை, மழை ஓய்ந்து வெயில் அடித்தால் போதும், தெருத் தெருவாகத் தார் வாசனை வீசும். "அப்பாடா, ரோடு போட வந்துட்டாங்க!" என்று ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள். சங்கதி தெரிவது அடுத்த மழையில்தான். குழி போச்சு; தண்ணீர் வீட்டுக்குள்ளே வந்தாச்சு!

ஒரு படி போச்சு

கணக்கு சுலபம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டினால், ஒரு தடவைக்குச் சுமார் 40 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம் தெரு உயரும். ஐந்து தடவை போட்டால் ஏறக்குறைய எட்டு அங்குலம். ஒரு படிக்கட்டே காலி! அப்பா படி ஏறிப் போன வீட்டுக்குள் மகன் படி இறங்கிப் போகிறான்.

வடிகால் வாயைத் தார் அடைத்துக் கொள்கிறது. பாதாளச் சாக்கடை மூடியோ பள்ளத்துக்குள் போய்விடுகிறது. ராத்திரியில் ஸ்கூட்டரில் வருகிறவர் கதி?

சரி, ரோடாவது உழைக்குமா? அதுவும் இல்லை. அடியில் உள்ள விரிசல் புதுத் தாரையும் பிளந்துகொண்டு மேலே வரும். அதில் தண்ணீர் இறங்கினால் மறுபடி குழிதான்.

தண்டம் யாருக்கு?

வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். இல்லாதவர்கள் வாசலில் செங்கல் அடுக்கிச் சிமெண்டு பூசுகிறார்கள். கடைக்காரர்கள் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றுகிறார்கள். ரோடு போட்டது பொதுப் பணம். தண்டம் கட்டுவது தனி ஆள்!

2015, 2021, 2023 வெள்ளங்களுக்கு ரோடு மட்டுமே காரணம் என்றால் அநியாயம். பெருமழை, ஏரி, கால்வாய் என்று காரணம் பல. ஆனால் தெருவில் நின்ற தண்ணீரை வீட்டுக்குள் அனுப்பியதில் மேடான ரோட்டுக்கும் பங்கு உண்டு.

உத்தரவு இருக்கு!

பழைய தாரைச் சுரண்டி எடுத்து, பழைய மட்டத்திலேயே புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். பெரிய ரோடுகளில் சுரண்டும் மிஷினைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

ஆனால் மாநகராட்சியில் பஸ் போகும் ரோடுகள் சுமார் 387 கிலோமீட்டர்தான். உட்புறத் தெருக்களோ 5,000 கிலோமீட்டருக்கு மேல்! குறுகிய சந்துக்குள் பெரிய மிஷின் நுழையாது. பார்க்கிறவர்களும் குறைவு. பழைய வழக்கம் தலைதூக்க வசதியான இடம் அதுதான்.

ஆகவே ஒரு யோசனை. உங்கள் தெருவில் வேலை தொடங்குமுன் வாசல்படியிலிருந்து ரோடு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். மேடாகியிருந்தால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் போட்டுக் கணக்குக் கேளுங்கள். தார் ஆறிய பிறகு கேட்பதைவிட, கொட்டும்போதே கேட்பது இன்னும் நல்லது.

அதிகாரிகளும் சந்துக்குள் வந்து ஒரு தடவை அளந்து பார்க்கட்டும். சுரண்ட வேண்டியது ரோட்டைத்தான். ஜனங்களின் பாக்கெட்டை அல்ல!