மெரினா மணல் யாருடையது?

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடமாட்டேன் என்று உங்களுக்குத்தான் தெரியுமே!

சென்னை தினத்துக்கு நம் குழுவில் ஒரு தம்பி 'சென்னையின் வரலாறு' என்று ஒரு பதிவைப் பகிர்ந்திருந்தார். கோட்டை, மயிலாப்பூர், மெரினா, தியாகராய நகர் எல்லாம் இருந்தன. ராயபுரத்துக்கு ஒரே வரி, 1856ஆம் ஆண்டு ரயில் நிலையம். திருவொற்றியூர், எண்ணூர் பெயரே இல்லை. அதற்கு நம் ஆட்களே வரிசையாக இதயம் போட்டிருக்கிறீர்கள். கோபம் வந்தது, மறைப்பானேன்?

அந்த மெரினா எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா? கோட்டை கட்டிய காலத்தில் கடல் அதன் கிழக்கு மதிலை ஒட்டியே இருந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகில் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள். 1870களில் அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்தது. மறுபடி கட்டினார்கள்.

சுவர் நின்றது, மணலும் நின்றது. நம் கடலில் மணல் நடக்கும். தென்மேற்குக் காற்று மாதங்களில் அலை அதை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் மிச்சம் வடக்குக்குத்தான். அந்த மிச்சத்தைச் சுவர் மறித்துக்கொண்டது. தெற்கே குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. நீங்கள் சுண்டல் தின்கிற மணலில் பெரும்பங்கு எங்களுக்கு வந்து சேரவேண்டியது!

இதில் என் குற்றமும் உண்டு. 'உலகின் நீளமான கடற்கரைகளில் ஒன்று மெரினா' என்று வருஷா வருஷம் உங்களை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். ஜன்னலுக்கு வெளியே கடலில் கல் கொட்டும் லாரி போய்க்கொண்டிருக்கும். அதையும் இதையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை.

'அப்போ துறைமுகமே வேண்டாமா சார்?' என்று கேட்பீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டில் உலை கொதித்ததே துறைமுகக் கூலியில்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்கிறேன், அவ்வளவுதான். இதே வங்கக் கடலில் விசாகப்பட்டினத்தில், துறைமுகத்தை ஒட்டிச் சிக்கும் மணலைத் தோண்டி வடக்கே கடற்கரைக்குக் கொண்டு சேர்க்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நமக்குக் கிடைத்தது கருங்கல்லும் தூண்டில் வளைவும். கல் வீட்டைக் காக்கும், சரி. கட்டுமரத்தை எங்கே இழுத்துப் போடுவது? கல் வரிசை முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு மறுபடி ஆரம்பிக்கிறதே, அந்தக் குப்பத்துக்காரர் என்ன பாவம் செய்தார்?

2001இல் எண்ணூர்த் துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளி. இப்போது காட்டுப்பள்ளியைப் பல மடங்கு பெரிதாக்கத் திட்டம். அதற்கு வடக்கே பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மெல்லிய மணல் திட்டு ஒன்றுதான் இருக்கிறது. அங்குள்ள மீனவர்கள் எதிர்த்தால், 'வளர்ச்சிக்கு எதிரிகள்' என்று நம் குழுவிலேயே ஒரு தம்பி எழுதுகிறார். தம்பி, நீ பொறியாளர். உன் பாட்டி வீடு காசிமேட்டில். ராயபுரத்தில் 150 வருஷமாக நடப்பது பழவேற்காட்டில் நடக்காது என்று எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறாய்? அந்தக் கணக்கை இங்கேயே, கமெண்டில் போடு. நான் உட்கார்ந்து திருத்துகிறேன்.